ஊர் நீங்கிய பின்னும் நின்ற கோயில்: வாரம் பெர்சிப் பங்கின் வரலாறு

ஊர் அழியின் அவ்வூர்க் கோயிலும் உடன் அழியும் என்பதே பொதுவான எண்ணம். இங்கிலாந்தின் வடபகுதியாகிய யார்க்‌ஷயரில் உள்ள வாரம் பெர்சி என்னும் சிற்றூரின் வரலாறு இவ்வெண்ணத்திற்கு மாறானது. அவ்வூர் 1500-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் குடிகளை இழந்து மேய்ச்சல் நிலமாயிற்று. அதன் கோயிலோ 1949 வரை வழிபாட்டில் இருந்தது. நத்தம் முழுதும் புல் மூடிக் கிடக்க, ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டுக் காலம் ஒரு கோயில் மட்டும் நின்று மணியடித்து வந்தது எங்ஙனம்? யார் அதற்கு வந்தனர்? யார் அதனைப் பேணினர்? இவ்வினாக்களுக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கம். அவ்வூரை அழித்தது எது என்பது பற்றிப் பரவலாக வழங்கும் ஒரு கருத்தும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் பங்கு என்னும் சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒரு குருவின் பொறுப்பில் அமைந்த மக்களையும் நிலப்பரப்பையும் நம் நாட்டுக் கத்தோலிக்கர் பங்கு என்பர்; திருநெல்வேலிச் சீமைச் சீர்திருத்த சபையார் சேகரம் என்பர். இடைக்கால இங்கிலாந்தில் இவ்வமைப்பிற்குச் சமயப் பொருளோடு வரிப் பொருளும் உண்டு. எந்நிலத்தின் விளைவில் பத்தில் ஒன்று எக்கோயிலுக்குச் செல்லுமோ அந்நிலம் அக்கோயிலின் பங்கு எனப்பட்டது. எனவே பங்கின் எல்லை, வரப்பு வரப்பாக வரையறுக்கப்பட்ட எல்லை. ஊர் என்பது மக்கள் கூடி வாழும் இடம்; பங்கு என்பது தசமபாகம் செல்லும் பரப்பு. இவை இரண்டும் ஒன்றாயிருத்தலும் உண்டு, ஒன்றாகாமையும் உண்டு. வாரம் பெர்சியில் இவை ஒன்றல்ல என்பதே நம் வினாவிற்கு உரிய விடையின் வித்து.

அப்பங்கில் அடங்கிய ஊர்கள் ஐந்து: வாரம் பெர்சி, திக்சண்டேல், ரேஸ்தார்ப், பர்டேல், டோதார்ப். வோல்ட்ஸ் எனப்படும் வெண்சுண்ணப் பாறை மேட்டுநிலத்தின் மேடுகளிலும் அவற்றை ஊடறுக்கும் குறுகிய பள்ளத்தாக்குகளிலும் இவை அமைந்தவை. பெயராராய்ச்சியில் ஈடுபட்டோர்க்கு இப்பெயர்கள் சுவை பயப்பன. தார்ப் என்னும் ஈறு டேனியர் குடியேற்றத்தின் சுவடு. தாயூரினின்று பிரிந்து அமைந்த சிற்றூர் என்பது அதன் பொருள். நம் நாட்டில் பட்டி, பாடி என்னும் ஈறுகள் ஊரின் தோற்றத்தை உணர்த்துமாறு போல, அந்நாட்டில் இவ்வீறு ஒன்றே ஒரு குடியேற்ற வரலாற்றை உரைக்கின்றது. திக்சண்டேல் என்பது சிக்ஸ்டைன் என்னும் ஆள்பெயரோடு பள்ளத்தாக்கு என்னும் பொருளுடைய சொல் சேர்ந்து ஆயிற்று என்பர் அறிஞர். ஊர்மக்களோ, பதினாறு பள்ளத்தாக்குகள் கூடும் இடமாதலின் அப்பெயர் வந்தது என்பர். ஒலி ஒப்புமையால் பிறந்த இத்தகைய கதைகள் நம்மூர்த் தலபுராணங்களில் மட்டுமே உள்ளன என்று எண்ணுதல் வேண்டா.

வாரம் என்னும் பெயர்க்குக் கொப்பரை என்னும் பொருளுடைய பழஞ்சொல் ஒன்றின் பன்மை வடிவை மூலமாகக் காட்டுவர். கொப்பரை போலக் குழிந்த பள்ளத்தாக்கை நோக்கி இட்ட பெயராகலாம். விளைபங்கைக் குறிக்கும் நம் வாரத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அருகே வாரம் என்னும் பெயருடைய ஊர் மற்றொன்றும் உண்டாதலின் வேறுபடுத்தற்கு அடைமொழி வேண்டியதாயிற்று. பழைய பெருவழியை அடுத்தது வாரம் லெ ஸ்ட்ரீட் எனப்பட்டது. பெர்சி என்னும் நார்மானியக் குடியினர்க்கு உரியது வாரம் பெர்சி எனப்பட்டது. குடியினர் அகன்ற பின்னும் அவர் பெயர் ஊரை விட்டு அகலவில்லை.

வில்லியம் மன்னன் ஆணையால் 1086-இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே என்னும் நிலக்கணக்கு ஏட்டில் வாரம் இடம் பெற்றுள்ளது. எனினும் ஏட்டில் முதன்முதல் காணப்படும் ஆண்டே ஊர் தோன்றிய ஆண்டு என்று கொள்ளுதல் பிழை. அகழ்வாராய்ச்சியால் அவ்விடத்தில் இரும்புக் காலம் முதற்கொண்டே மக்கள் வாழ்ந்த தடயங்கள் வெளிப்பட்டன. உரோமர் காலத்திலும் அதனை அடுத்த நூற்றாண்டுகளிலும் தனித்தனிப் பண்ணைகளே ஆங்காங்கு இருந்தன. வீடுகள் வரிசையாக அமைந்து ஊர் என்னும் வடிவம் பெற்றது 9, 10-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டிய காலத்திலேயாம். ஆகவே, தொன்றுதொட்டு மாறாது நின்ற ஊர் ஒன்று திடீரென அழிந்தது என்னும் சித்திரம் தொடக்கத்திலேயே பொருந்தாது. தோன்றியதும் ஒரு காலத்தில். மறைந்ததும் ஒரு காலத்தில். இடைப்பட்டது ஏறத்தாழ அறுநூறு ஆண்டு.

ஊரின் அமைப்பு இன்றும் புல்தரையில் மேடு பள்ளங்களாகத் தெரிகின்றது. பள்ளத்தாக்கின் அடியில் ஓடையும் கோயிலும். கோயிலுக்குத் தெற்கே அணை கட்டித் தேக்கிய குளம். மேற்கே மேட்டின்மீது நெடுவரிசையாக வீட்டுமனைகள். ஒவ்வொரு மனைக்குப் பின்னும் ஒரு கொல்லை. கொல்லைகளுக்கு அப்பால் ஊர்ப் பொதுவில் உழுத வயல்கள். நிலக்கிழார் மாளிகைகள் இரண்டு, வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இருந்தன. சேம்பர்லின் என்னும் குடியினர் தம் உரிமையை 1254-இல் பெர்சிக் குடியினர்க்கு அளித்தனர். அதன்பின் ஊர் முழுதும் ஒரு கையில் வந்தது. இவ்வாவணச் செய்தி மண்ணிலும் சான்று பெற்றிருத்தல் வியப்பிற்குரியது. மேற்கு வரிசையில் குடியானவர் வீடு ஒன்றைத் தோண்டியபோது அதன் அடியில், 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்த, செப்பமாகச் செதுக்கிய கற்களால் ஆன மாளிகையின் கீழறை வெளிப்பட்டது. வேண்டாததாகிய மாளிகை இடிக்கப்பட்டு அம்மனையில் பின்னர்க் குடியானவர் வாழ்ந்தனர் என்பது இதனால் பெறப்படும்.

இனிக் கோயிலைக் காண்போம். தூய மார்ட்டின் பெயரால் அமைந்த இக்கோயிலின் உட்தரையும் சுற்றுப்புறமும் 1962 முதல் 1974 வரை முறையாக அகழப்பட்டன. கட்டடத்தின் வளர்ச்சியும் தேய்வும் படிப்படியாக அறியப்பட்டது இவ்வகழ்வாலேயாகும். முதலில் இருந்தது மரத்தால் ஆன ஒரு சிறு கோயில். தரையில் எஞ்சிய கம்பக் குழிகளே அதற்குச் சான்று. 11-ஆம் நூற்றாண்டில் அவ்விடத்தில் சிறிய கற்கோயில் எழுந்தது. 12-ஆம் நூற்றாண்டில் அதுவும் போதாதாகவே பெரிய கோயில் ஒன்று கட்டப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியில் தென்புறத்துச் சுவரைத் துளைத்து வளைவுகள் அமைத்துப் பக்கக்கூடம் ஒன்று சேர்த்தனர்; சின்னாள் கழித்து வடபுறத்தும் அவ்வாறே செய்தனர். 14-ஆம் நூற்றாண்டில் வடகிழக்கு மூலையில் ஒரு சிறு வழிபாட்டறையும் சேர்ந்தது. கூட்டம் மிகுந்தமையும் கொடுப்பார் உண்மையும் இவ்விரிவுகளால் விளங்கும்.

பின்னர் நிகழ்ந்தது இதற்கு எதிர்மறை. 15-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 16-ஆம் நூற்றாண்டு வரையில் பக்கக்கூடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. அவற்றிற்கு வழி விட்ட வளைவுகளைக் கல்லடுக்கி அடைத்தனர். இடித்த கூடத்தின் பலகணிகளை வீணாக்காது அவ்வடைப்புச் சுவரிலேயே மீண்டும் பதித்தனர். 17-ஆம் நூற்றாண்டில் குருமார் இருந்து வழிபடும் கீழ்ப்பகுதியும் குறுக்கப்பட்டது. இன்று அவ்விடத்திற்குச் செல்வார் கண்ணில் முதற்படுவது, சுவரோடு சுவராய் அடைபட்டு நிற்கும் அவ்வளைவுகளே. கோயிலை விரிப்போர் பெருமையோடு செய்வர். அதனைக் கல்வெட்டிலும் பொறிப்பர். குறுக்குவோர் ஓசையின்றிச் செய்வர். ஆயினும் ஓர் ஊரின் மக்கள்தொகை ஏறி இறங்கியதை இச்சுவர்களைப் போல் ஒளியாது கூறும் ஏடு அப்பங்கிற்கு வேறில்லை என்பது எம் கருத்து.

இவ்விடத்தில் ஊரின் அழிவுக்குக் காரணம் யாது என்னும் வினா எழுகின்றது. 1348-49-இல் இங்கிலாந்தைச் சூறையாடிய கருஞ்சாவு என்னும் கொள்ளைநோயே இத்தகைய ஊர்களைப் பாழாக்கியது என்று பலரும் கூறுவர். பாழூர் ஒன்றைக் கண்டவிடத்துக் கொள்ளைநோய்க் கதை ஒன்று வழங்குதல் எந்நாட்டிற்கும் இயல்பு. ஒரே இரவில் ஊர் அழிந்தது என்னும் கூற்றில் ஓர் அவலச் சுவையும் உண்டு. வாரம் பெர்சியைப் பொறுத்தவரை ஆவணங்கள் இக்கூற்றிற்கு இடந்தரவில்லை.

நோய்க்கு முன்னரே 1323-இல் எடுத்த நிலக்கணக்கில், பண்ணை நிலத்தில் ஒரு பகுதி உழுவாரின்றிக் கிடந்தமையும் மாவாலைகள் சிதைந்திருந்தமையும் கூறப்படுகின்றன. வடநாட்டில் ஸ்காத்லாந்தியர் படையெடுப்பும், 1315 முதல் தொடர்ந்த பஞ்சமும் மக்களை நலித்த காலம் அது. பின்னர் நோய் வந்தது. பலர் மாண்டனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நோய்க்குப் பின் ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, 1368-இல், ஊரில் சுமார் 30 வீடுகளில் மக்கள் வாழ்ந்தனர். 1458-இல் அத்தொகை 16 ஆகக் குறைந்திருந்தது. நோய் தாக்கி நூறாண்டிற்கு மேல் சென்ற பின்னும் பதினாறு குடிகள் ஏர் பூட்டிய ஊரை, நோயால் அழிந்த ஊர் என்பது பொருந்துமா? நோய் ஊரை மெலிவித்தது, கொன்றது பிறிதொன்று.

அப்பிறிதொன்று ஆட்டுமந்தை. நோயால் ஆள் குறைந்தது. ஆள் குறையவே கூலி உயர்ந்தது. உண்பார் தொகை குறையவே தானியத்தின் விலை தாழ்ந்தது. ஆட்டுமயிர்க்கோ நெசவுத் தொழிலின் வளர்ச்சியால் நல்ல விலை இருந்தது. நூறு காணி நிலத்தை உழுது விதைக்கப் பல குடும்பங்கள் வேண்டும். அந்நிலத்தில் ஆடு மேய்க்க ஓர் இடையனும் ஒரு நாயும் போதும். இக்கணக்கை நிலக்கிழார் விரைவில் உணர்ந்தனர். வாரம் பெர்சி 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்சிக் குடியினரிடமிருந்து ஹில்டன் குடியினர்க்கு மாற்றாக வழங்கப்பட்டிருந்தது. புதிய நிலக்கிழார் தொலைவில் வாழ்பவர். ஊரோடு அவர்க்கிருந்த உறவு வருவாய் ஒன்றே.

குடிகளை எழுப்பி நிலத்தை மேய்ச்சலாக்கும் வழக்கம் நாடெங்கும் பரவவே, அதனைத் தடுக்க 1489-இல் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. சட்டம் ஏட்டளவில் நின்றது. பின்னர் 1517-இல் கர்தினால் வுல்சி என்னும் அமைச்சர், 1488 முதல் எங்கெங்கு ஏர்கள் நிறுத்தப்பட்டன, எங்கெங்கு வீடுகள் இடிய விடப்பட்டன என்று உசாவி அறியக் குழுக்களை அமைத்தார். வாரம் பெர்சி பற்றி அவ்வுசாவலில் கிடைத்த செய்தி மிகச் சுருக்கமானது: ஹில்டன் பிரபு நான்கு ஏர்களை நிறுத்தினார், நான்கு வீடுகள் பாழாயின. இவ்வளவே. முப்பது வீடுகளில் எஞ்சிய கடைசி நான்கு இவை என்பது நாம் கருதி உணர வேண்டுவது. வெளியேறிய நான்கு குடும்பத்தார் எங்குச் சென்றனர், எவரிடம் கூலி வேலை செய்தனர் என்பன அரசு வினவிய வினாக்கள் அல்ல. ஏர் நின்றால் வரி குறையும். படைக்கு ஆள் குறையும். அதுவே அரசின் கவலை. எனினும் அவ்வுசாவல் நிகழ்ந்திராவிடின் இந்நான்கு வீடுகளின் செய்தியும் நம்மை எட்டியிராது.

ஊர் நீங்கியது. பங்கு நீங்கவில்லை. காரணம் வெளிப்படை. வாரம் பெர்சியின் நிலம் மேய்ச்சலாயினும் அந்நிலத்திலிருந்து தசமபாகம் செல்லும் உரிமை அழியவில்லை. குஞ்சாட்டிலும் மயிரிலும் அது தொடர்ந்தது. பங்கின் ஏனைய ஊர்களில் மக்களும் இருந்தனர். இக்கோயிலின் வருவாய் 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹால்டெம்பிரைஸ் என்னும் துறவோர் மடத்திற்கு உரிமையாக்கப்பட்டிருந்தது. பெருந்தசமபாகமாகிய தானியம் மடத்திற்குச் செல்லும். சிறு வருவாய்களைக் கொண்டு பதிலாள் குரு ஒருவர் கோயிற்பணி புரிவார். இவ்வேற்பாடு அந்நாட்டில் எங்கும் காணப்படுவது. நிலத்தின் கொழுப்பு மடத்திற்கும் எலும்பு பணிபுரிவார்க்கும் ஆகும் என்று நகையாகக் கூறலாம். எட்டாம் ஹென்றி மன்னன் மடங்களை ஒடுக்கியபோது 1536-இல் அம்மடமும் மறைந்தது. பங்கோ கத்தோலிக்க அமைப்பிலிருந்து ஆங்கிலத் திருச்சபைக்கு மாறி அதே எல்லையோடு நின்றது. குடியில்லாத இடத்தில் கோயிலை அடுத்துக் குரு ஒருவர் வாழ்ந்து வந்தார். அவர்தம் குருமனை 1553-இல் தீக்கிரையாயிற்று, மீண்டும் கட்டப்பட்டது.

இதனின்று நம் ஆராய்ச்சிக்கும் பயன்படும் ஓர் எச்சரிக்கை கிடைக்கின்றது. 16, 17, 18-ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் வாரம் பெர்சி என்னும் பெயர் தொடர்ந்து காணப்படும். அங்கு ஞானமுழுக்கு நிகழும், மணம் நிகழும், அடக்கம் நிகழும். ஏட்டை மட்டும் நோக்குவார், செழித்த ஊர் ஒன்று அங்கு இருந்தது என்றே முடிவு கட்டுவர். உண்மையில் அப்பெயர் ஊரைச் சுட்டாது பங்கைச் சுட்டி நின்றது. கல்வெட்டிலோ செப்பேட்டிலோ ஓர் ஊர்ப்பெயர் காணப்படுமாயின் அப்பெயர் நத்தத்தைக் குறித்ததா, நிலத்தைக் குறித்ததா, வரிப் பிரிவைக் குறித்ததா என வினவாது அங்கு மக்கள் வாழ்ந்தனர் என்று கொள்ளுதல் ஆகாது. பெயர் நிலைத்திருத்தல் குடி நிலைத்தமைக்குச் சான்றன்று.

இந்நான்கு நூற்றாண்டுகளிலும் கோயிலைத் தாங்கியவர் பெரும்பாலும் திக்சண்டேல் மக்கள். அவ்வூர்க்கும் கோயிலுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மைல் தொலைவு. மேடு ஏறிப் பள்ளம் இறங்கிச் செல்லும் வழி. மணக்கோலத்தில் வருவோரும் இறந்தாரைச் சுமந்து வருவோரும் அவ்வழியே நடந்தனர். ரேஸ்தார்ப், பர்டேல், டோதார்ப் ஆகிய மூன்றும் மெல்ல மெல்லத் தேய்ந்து ஓரிரு பண்ணை வீடுகளாயின. ஐந்தூர்ப் பங்கில் ஊர் எனத்தக்கதாக எஞ்சியது திக்சண்டேல் ஒன்றே. அவ்வொன்றின் தோளில் கோயில் நின்றது.

19-ஆம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. அப்பகுதியின் பெருநிலக்கிழாராகிய சர் டாட்டன் சைக்ஸ், கோயில் கட்டுவதில் மிக்க ஆர்வம் உடையவர். அவர் பொருளுதவியால், கட்டடக் கலைஞர் ஸ்ட்ரீட் வகுத்த அமைப்பில், 1870-இல் திக்சண்டேலிலேயே ஒரு கோயில் எழுந்தது. மூன்று மைல் நடந்த மக்களுக்கு அது பெரும் நன்மை. மார்ட்டின் கோயிலுக்கோ அதுவே இறுதியின் தொடக்கம். ஆட்டுமந்தையால் வீழாத கோயில், மற்றொரு கோயிலால் வீழ்ந்தது எனலாம்.

இடையே வேறொரு மாறுதலும் நேர்ந்தது. 1853-இல் மால்ட்டன், ட்ரிஃபீல்டு ஆகிய நகரங்களை இணைக்கும் இருப்புப்பாதை அப்பள்ளத்தாக்கு வழியே சென்றது. பர்டேலில் மலையைக் குடைந்து நெடிய சுரங்கம் அமைத்தனர். வாரம் என்னும் பெயரில் ஒரு நிலையமும் தோன்றியது. இருப்புப்பாதையும் குடியைக் கொணரவில்லை. சுண்ணக்கல்லையே கொண்டு சென்றது. பயணி வண்டிகள் 1950-இலும் சரக்கு வண்டிகள் 1958-இலும் நின்றன. கோயிலில் வழிபாடு நின்ற ஆண்டு 1949. கூரையின் ஈயத் தகடுகளைக் கள்வர் உரித்துச் சென்றனர், மழை உட்புகுந்தது, 1959 இறுதியில் கோபுரத்தின் மேற்குப் பாதி சரிந்து வீழ்ந்தது.

வழிபடுவோர் நீங்கிய அக்காலத்திலேயே ஆராய்வோர் வந்தனர் என்பது ஓர் ஒற்றுமை. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு பயிற்றிய மாரிஸ் பெரஸ்போர்ட் 1948-இல் அவ்விடத்தைக் கண்டார். ஆவணங்கள் கூறும் பாழூர்கள் இப்புல்மேடுகளே என்பதனை நிறுவும் பொருட்டு 1950-இல் தோண்டத் தொடங்கினார். அவர் நாடியது ஒன்றே: இவ்வீடுகள் எப்பொழுது கைவிடப்பட்டன? சுவரின் வழியே குழி தோண்டிப் பானையோடுகளைத் திரட்டினால் விடை கிடைக்கும் என்று கருதினார். 1952-இல் அவரோடு சேர்ந்த தொல்லியலறிஞர் ஜான் ஹர்ஸ்ட் முறையை மாற்றினார். டென்மார்க்கு அறிஞர் வழியைத் தழுவி, குழிகளை விடுத்து, மனை முழுதையும் ஒருசேரத் திறந்து படலம் படலமாக நீக்கிச் சென்றார். ஆண்டுதோறும் கோடையில் சில வாரங்கள், 1990 வரை, நாற்பதாண்டுகள் இப்பணி நடந்தது. பெரஸ்போர்ட் 1954-இல் இங்கிலாந்தின் மறைந்த ஊர்கள் பற்றித் தம் நூலை வெளியிட்டார். அந்நாட்டில் இவ்வாறு மறைந்த இடைக்கால ஊர்கள் சுமார் 3,000 என்று பின்னர்க் கணக்கிடப்பட்டது.

அகழ்வில் வெளிப்பட்ட வீடுகள் நீண்டவை. ஒரு பாதியில் மக்களும் மறு பாதியில் மாடுகளும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். சுவர்கள் மெலியனவாகவும் ஒன்றன்மேல் ஒன்றாக இடம் மாறியும் காணப்பட்டமையின், இடைக்காலக் குடியானவன் வீடு ஒரு தலைமுறைக்கு மேல் நில்லாத குடிசை என்று முதலில் முடிவு செய்தனர். இக்கருத்து நெடுநாள் நிலைபெற்றிருந்தது. 1989-இல் ஸ்டூவர்ட் ராத்மெல் என்னும் அறிஞர் இதனை மறுத்தார். வளைந்த மரத்தை நெடுகப் பிளந்து, இருபாதியையும் எதிரெதிராக நிறுத்தி, உச்சியில் பிணைத்த வலிய மரச்சட்டகமே கூரையைத் தாங்கியது, சுவர் தாங்கவில்லை. தாங்காத சுவரை வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். ஆகவே மாறியது சுவரேயன்றி வீடன்று; அவ்வீடு பல தலைமுறை நின்றிருக்கலாம். அதே மண், அதே சான்று. முடிவு மட்டும் தலைகீழாயிற்று. ஏழை வீடு இழிந்ததாகவே இருந்திருக்கும் என்னும் முற்கோள் முதல் முடிவிற்குத் துணை செய்திருக்கும் என்று ஐயுற இடமுண்டு.

கோயிலின் உள்ளும் இடுகாட்டிலும் ஏறத்தாழ 700 மக்களின் எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. எழுத்தில் இடம்பெறாத குடியானவரைப் பற்றி அவை உரைப்பன பல. குழந்தைகள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வரை தாய்ப்பால் உண்டனர் என்பது எலும்பின் வேதியல் ஆய்வால் அறியப்பட்டது. பத்து வயதுச் சிறுவர் இக்காலச் சிறுவரினும் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தனர். உணவுக் குறையும் நோயும் வளர்ச்சியைத் தடுத்தன. அவ்வுயரக் குறையைச் சுமந்த சிறுவரே வரப்பில் நின்று பறவை ஓட்டியிருப்பர்.

2017-இல் வெளிவந்த மற்றொரு முடிவு பலரையும் திடுக்கிடச் செய்தது. இடுகாட்டில் அன்றி ஊர் மனைகளுக்கு இடையே ஒரு குழியில் கிடந்த 137 எலும்புகளை ஆராய்ந்தபோது, அவை குறைந்தது பத்துப் பேருடையன என்றும், இறந்த பின் வெட்டியும் எரித்தும் சிதைக்கப்பட்டன என்றும் தெரியவந்தது. அவற்றின் காலம் 11 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை. பஞ்சத்தில் மனிதர் மனிதரை உண்டனரோ என்றும், அயலாரை வெறுத்துச் சிதைத்தனரோ என்றும் ஐயங்கள் எழுந்தன. பற்களின் ஆய்வால் அவர்கள் அப்பகுதியில் பிறந்து வளர்ந்தவர் என்பது அறியப்பட்டமையின் அயலார் என்னும் கருத்து வலுவிழந்தது. வெட்டுக்காயங்கள் தலைப்பகுதியில் மிகுந்திருத்தலின், உண்ணுதற்கு வெட்டியதாகவும் தோன்றவில்லை. இறந்தோர் எழுந்து உலவி ஊரார்க்குத் தீங்கு செய்வர் என்னும் அச்சத்தால் பிணத்தைச் சிதைத்தனர் என்பதே ஆய்வாளர் பொருத்தமெனக் கருதிய விளக்கம். இத்தகைய அச்சம் அக்கால ஆங்கில நூல்களிலும் பதிவாகியுள்ளது. பங்கு என்னும் ஒழுங்கமைப்பின் உள்ளே, குருவின் கண்ணெதிரே, இப்பழைய அச்சமும் வாழ்ந்து வந்தது என்பதனை இக்குழி காட்டுகின்றது.

கோயிலும் நத்தமும் 1970-களில் அரசின் பாதுகாப்பில் வந்தன. ஹர்ஸ்ட் 2003-இலும் பெரஸ்போர்ட் 2005-இலும் மறைந்தனர். அகழ்வின் முடிவுகளைக் கூறும் பதின்மூன்று தொகுதிகளுள் இறுதியானது 2012-இல் வெளிவந்தது. தோண்டிய காலத்தினும் எழுதி முடித்த காலம் நீண்டு, அறுபதாண்டு முயற்சியாக அமைந்தது. கூரையற்ற கோயிலைச் சுற்றி இன்று மாடுகள் மேய்கின்றன; குளம் மீண்டும் நீர் பெற்றுள்ளது. இடுகாட்டில் நிற்கும் சில கல்லறைக் கற்கள் 18, 19-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. அங்குத் துயில்வோர் வாரம் பெர்சிப் பங்கினர். ஆயினும் வாரம் பெர்சி என்னும் ஊரைக் குடியோடு கண்டவர் அவருள் ஒருவரும் இலர்.